அக்வாவின் செட்டை வீட்டிலேயே அப்டேட் பண்ணலாமா?

லிந்துலையிலிருந்து ஒரு சகோதரர் கேட்டிருப்பது இதுதான். 2014ஆம் ஆண்டு டொயோட்டா அக்வா, ரீகண்டிஷனாக எடுத்தது. டேஷ்போர்டில் இருக்கும் ரேடியோ செட்டின் திரையில் எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. ரேடியோவில் இரண்டு மூன்று ஸ்டேஷனைத் தவிர எதுவும் பிடிப்பதில்லை. புது போன் வாங்கிய பிறகு புளூடூத்தும் சேரவில்லை. கண்டியில் ஒரு கடையில் சொப்ட்வெயார் அடிக்க 25,000 ரூபா கேட்டிருக்கிறார்கள். கட்டாரில் இருக்கும் மச்சானோ டெலிகிராமில் ஒரு ஃபைலை அனுப்பி, பென் டிரைவில் போட்டுக் குத்து, எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். வீட்டிலேயே செய்யலாமா, வண்டி ஹயருக்கு ஓடுவது, ஒரு நாள் நின்றாலும் கஷ்டம் என்று முடித்திருக்கிறார்.

நீங்கள் கேட்டது வீட்டில் செய்யலாமா என்று. ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு இரண்டு விஷயம் என்று எனக்குப் படுகிறது: இந்தக் குறைகள் அப்டேட்டால் தீருமா, இடையில் ஏதாவது கெட்டால் வண்டி ஓடுமா. நான் ஹட்டனில் வாகன எலெக்ட்ரிக் வேலை செய்கிறேன். கொழும்பு பஞ்சிகாவத்தையில் வேலை பழகி, ஊருக்கு வந்து பதினேழு வருடம் ஆகிறது. என் கைக்கு வருவது பெரும்பாலும் ஜப்பான் வண்டிகள், இந்தியாவில் செய்த சுசுகி, பிறகு கடையில் வாங்கி மாட்டும் ஆண்ட்ராய்ட் பிளேயர்கள். ஐரோப்பிய வண்டிகளில் நான் அதிகம் கை வைத்ததில்லை, ஆகவே இதை வைத்து அந்த வண்டிகளில் எதுவும் செய்ய வேண்டாம்.

பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். செட் செத்தாலும் உங்கள் அக்வா ஓடும். எஞ்சின், பிரேக், ஹைபிரிட் பெட்டரி எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் உண்டு, ரேடியோ செட்டைக் கேட்டு அவை வேலை செய்வதில்லை. நீங்கள் இழக்கக்கூடியது பாட்டு, போன் பேச்சு, செட்டின் திரையில் வரும் ரிவர்ஸ் கேமரா. கொழும்பில் கேமரா இல்லாமல் சமாளிக்கலாம். தோட்டத்து ரோட்டில் ஒரு பக்கம் கான், மறுபக்கம் பள்ளம் என்று இருக்கும் இடத்தில் இரவில் பின்னுக்கு எடுக்கிறவருக்கு அது சின்ன இழப்பு இல்லை.

இணைய வசதியோடு வரும் புதிய வண்டிகளில் இதை இவ்வளவு நிம்மதியாகச் சொல்ல முடியாது. 2015இல் சார்லி மில்லர், கிறிஸ் வலசெக் என்ற இருவர் அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப் செரோக்கியின் செட்டுக்குள் இணையம் வழியாகவே புகுந்து, அங்கிருந்து எஞ்சின் வரை போய்க் காட்டினார்கள். அந்தக் கம்பனி 14 லட்சம் வாகனங்களைத் திருத்தத்துக்கு அறிவித்து, உரிமையாளர்களின் வீட்டுக்கே தபாலில் யூஎஸ்பி அனுப்பியது. வண்டி வைத்திருக்கிறவர் தானே வீட்டில் குத்தி அப்டேட் பண்ண வேண்டும் என்பதற்காகத்தான் அது. ஆகவே வீட்டில் செய்வது திருட்டு வேலை இல்லை, சில கம்பனிகளே அப்படிச் செய்யச் சொல்கின்றன. ஆனால் அந்த யூஎஸ்பி வந்தது வண்டியைச் செய்தவரிடமிருந்து, அந்த வண்டிக்கென்றே. மச்சானின் ஃபைலை அந்த இடத்தில் வைக்க முடியாது.

இனி உங்கள் குறைகளுக்கு வருகிறேன். வண்டியின் பெயரைச் சொன்னீர்கள், செட்டின் பெயரைச் சொல்லவில்லை. இருந்தாலும் ரேடியோவைப் பற்றி எழுதிய ஒரு வரியே அது ஜப்பானிலிருந்து வண்டியோடு வந்த செட் என்று காட்டிக்கொடுக்கிறது. ஜப்பானில் எஃப்.எம். 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. பழைய செட்டுகள் 90இல் நின்றுவிடும், 95 வரை நீட்டியதே 2014 கடைசியில்தான். இலங்கையில் 87.5 முதல் 108 வரை. அப்படியானால் இரண்டுக்கும் பொதுவாக இருப்பது 87.5க்கும் 90க்கும் இடையிலான ஒரு கீற்று. அந்தக் கீற்றில் அகப்படும் ஸ்டேஷன்தான் உங்களுக்குக் கேட்கிறது. சூரியன் எஃப்.எம்., சக்தி எஃப்.எம். இரண்டும் 100க்கு மேலே இருப்பதால் செட் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. இந்தச் செட்டுகளில் பென் டிரைவ் அப்டேட் இதை மாற்றுவதை நான் கண்டதில்லை. இதற்கு மருந்து ஏரியல் வயருக்கும் செட்டுக்கும் நடுவில் மாட்டும் பேண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சின்னப் பெட்டி. மேலே உள்ள அலைவரிசையைக் கீழே இறக்கிக் கொடுக்கும், ஆகவே திரையில் தெரியும் எண் வேறாக இருக்கும். நமது 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் அவர்களின் 14க்குள் முழுதாக அடங்காது என்பதால் எல்லா ஸ்டேஷனும் வராது. எந்த ஸ்டேஷன் வேண்டும் என்று சொல்லி, அதற்கு ஏற்றதைக் கேட்டு வாங்குங்கள்.

மொழியும் வரைபடமும் அப்படித்தான். ஜப்பான் சந்தைக்கென்று செய்த பெரும்பாலான செட்டுகளுக்குள் ஆங்கிலமே வைக்கப்படவில்லை. உள்ளே இல்லாததை ஒரு வரைபட அப்டேட் கொண்டுவந்து சேர்க்காது. ஜப்பான் வரைபடத்தின் புதிய பதிப்பைப் போட்டால் டோக்கியோவின் புதிய ரோடுகள் வரும், நானுஓயா வராது.

புளூடூத்துக்கு மட்டும் நல்ல நம்பிக்கை இருக்கிறது, அதற்கும் அப்டேட் தேவைப்படாமல் போகலாம். பல செட்டுகள் ஐந்து போன் வரைதான் நினைவில் வைத்துக்கொள்ளும். முந்தைய உரிமையாளர், அவர் வீட்டுக்காரர், உங்கள் பழைய போன் என்று இடம் நிறைந்திருந்தால் புதிதாக வருவதை அது சேர்க்காது. கூகுள் டிரான்ஸ்லேட்டைத் திறந்து, போன் கேமராவைச் செட்டின் திரைக்கு நேராகப் பிடித்தால் ஜப்பான் எழுத்து கண்ணெதிரே ஆங்கிலமாகும். புளூடூத் பட்டியலைத் தேடிப் போய்ப் பழைய பெயர்களை ஒவ்வொன்றாக அழியுங்கள். போனிலும் செட்டின் பெயரை அழித்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள். சேர்ந்தும் பாட்டு மட்டும் வராவிட்டால், ஆண்ட்ராய்ட் போனின் டெவலப்பர் அமைப்புக்குள் புளூடூத் ஏவிஆர்சிபி பதிப்பு என்று ஒன்று இருக்கும், அதை ஒரு படி குறைத்துப் பாருங்கள். என்னிடம் செட் பழுது என்று வரும் புளூடூத் முறைப்பாடுகளில் பெரும்பகுதி இந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. உங்களுடையதும் முடியுமா என்பதைச் செட்டைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

குறை தானாகவே தீர்ந்த கதையும் உண்டு. 2022 ஜனவரி முதலாம் திகதி உலகம் முழுக்கப் பழைய ஹொண்டா வண்டிகளின் நெவிகேஷன் கடிகாரம் 2002க்குப் போய் நின்றது. ஜிபிஎஸ் செய்மதிகள் வாரத்தை 1,024 வரைதான் எண்ணும், பிறகு பூச்சியத்திலிருந்து தொடங்கும். அது ஏறக்குறைய 19.6 வருடம். அந்தக் கணக்கைச் செட் தவறாகப் புரிந்துகொள்ளும்போது இப்படி ஆகும். ஹொண்டா ஆகஸ்டில் தானாகச் சரியாகும் என்றது, பெரும்பாலான வண்டிகளில் அப்படியே சரியானது. இடைப்பட்ட காலத்தில் எவ்வளவு பேர் செட்டைக் கழற்றினார்களோ. எந்தக் குறைக்கு அப்டேட் என்று தெளிவாகத் தெரியாமல் அதைத் தொடக்கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஜப்பான் செட் வைத்திருக்கிற எல்லோருக்கும் ஒரு முக்கியமான விஷயம். பெரும்பாலும் திரையின் உள்ளே ஒரு எஸ்டி கார்ட் இருக்கும். அது வரைபடம் மட்டும் இல்லை, பல செட்டுகள் அந்தக் கார்ட் இல்லாமல் முழுதாக எழும்பவே மாட்டா. ஜப்பான் வரைபடம் எனக்கு எதற்கு என்று எடுத்து, அழித்து, அதில் பாட்டு ஏற்றியவர்களை நான் மாதாமாதம் சந்திக்கிறேன். வண்டி பெட்டரியை ஒரு தடவை கழற்றி மாட்டியதும் திரை, வரைபடக் கார்டைப் போடு என்று ஜப்பான் மொழியில் கேட்டு நின்றுவிடும். டொயோட்டா செட்டுகள் சிலவற்றில் அதற்கு மேல் ஒரு பூட்டும் உண்டு, ஈஆர்சி கோட் என்று ஒரு எண்ணைக் காட்டி மறு எண்ணைக் கேட்கும். ஆகவே அந்தக் கார்டைத் தொட வேண்டாம், கணினியில் போட்டு ஃபோர்மட் என்ற கேள்வி வந்தால் ஆம் என்று அழுத்தவே வேண்டாம்.

கம்பனி இணையத்தளத்தில் தேடுகிறவர்களுக்கு இன்னொரு சுவர் இருக்கிறது. அங்கே 17 எழுத்து எண் கேட்கும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த வண்டிகளுக்கு அப்படியொரு எண் கிடையாது, சேஸி நம்பர்தான். உங்கள் அக்வாவில் அது என்எச்பி10 என்று தொடங்கும். அந்த எண்ணைத் தளம் ஏற்காது. உங்கள் தவறு என்று நினைத்து வேறு யாருடைய வண்டி எண்ணையாவது போட்டு ஃபைலை இறக்காதீர்கள், அது அந்த வண்டியின் செட்டுக்கு உரிய ஃபைல்.

அப்படியானால் வீட்டில் யார் செய்யலாம்? ஏஜென்டிடம் புது வண்டியாக வாங்கியவர்கள், செட்டைச் செய்த கம்பனியே அந்த மொடலுக்கென்று ஃபைலை வெளியிட்டிருந்தால் தாராளமாகச் செய்யலாம். முதலில் செட்டின் அமைப்புக்குள் போய் இப்போதைய பதிப்பு எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபைல் ஒன்றிரண்டு ஜிபி இருக்கும், சில நேரம் அதற்கும் மேல். நம் பள்ளத்தாக்குகளில் சிக்னல் ஒரு கோடு வந்து போகும் இடத்தில் அதைப் பாதி பாதியாக இறக்கினால் கடைசியில் கிடைப்பது ஓட்டை ஃபைலாக இருக்கலாம். டவுனில் நல்ல இணைப்பு இருக்கும் இடத்திலோ இரவு நேர டேட்டாவிலோ ஒரே மூச்சில் இறக்கி, தளத்தில் சொன்ன அளவும் உங்களிடம் வந்த அளவும் ஒன்றா என்று பாருங்கள். பென் டிரைவ் 32 ஜிபிக்கு மேல் வேண்டாம். பெரும்பாலான செட்டுகள் ஃபாட்32 முறையைத்தான் வாசிக்கும், அந்த முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைலை வைக்க முடியாது. டிரைவில் வேறு எதுவும் இருக்கக்கூடாது. சந்தையில் 64 என்று அச்சடித்து உள்ளே 8 மட்டும் இருக்கும் போலி டிரைவ்கள் சுற்றுகின்றன. ஏற்றிய ஃபைலை டிரைவிலிருந்து திரும்பக் கணினிக்கு எடுத்து மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஃபைல் முழுதாக ஏறியதா என்று தெரிந்துவிடும்.

ஃபைலின் பெயரை ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம். இது சும்மா சொல்வது இல்லை. 2022 தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 94.9 வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்த 2014 முதல் 2017 வரையான மஸ்டா வண்டிகளின் செட்டுகள் அந்த ஸ்டேஷனிலேயே மாட்டிக்கொண்டு, அணைந்து எழும்பி அணைந்து எழும்பிக் கிடந்தன. வானொலி அனுப்பிய படங்களின் ஃபைல் பெயரில் கடைசி ஒட்டு (.jpg போன்றது) இல்லாமல் போனதுதான் காரணம் என்று கம்பனி சொன்னது. ஒரு படத்தின் பெயரில் விட்ட குறையே அவ்வளவு செய்யும் என்றால், செட்டின் மூளைக்குள் எழுதப்போகும் ஃபைலில் விளையாடக்கூடாது.

மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், என் கையாலேயே நடந்த பிழை அது. நுவரெலியாவில் ஒரு ஜனவரி காலை, புல்லெல்லாம் வெள்ளையாகப் பனி பூத்துக் கிடந்தது. வாடிக்கையாளர் பெட்டரி புதுசு என்றார், நான் மீட்டர் வைக்காமல் நம்பினேன். எஞ்சினைப் போடாமல், சுவிட்சை முதல் கட்டத்தில் வைத்து அப்டேட்டைத் தொடங்கினேன். 63 வீதத்தில் கூரை விளக்கு மெல்ல மஞ்சளாகியது. யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன், கதவு மூடித்தான் இருந்தது. திரும்புவதற்குள் திரை கறுத்துவிட்டது. பிறகு கம்பனியின் சின்னம் வந்தது, போனது, வந்தது, அதைத் தாண்டவே இல்லை. ஏஜென்டின் பட்டறையில் செட்டைக் கழற்றித் திரும்ப எழுதிக் கொடுக்க ஒன்பது நாள் ஆனது. செலவை நான் கொடுத்தேன். அந்த ஒன்பது நாளும் அவர் ரிவர்ஸ் கேமரா இல்லாமல் வளைவுகளில் ஓட்டினார் என்பதுதான் எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது.

காரணம் எளிது. குளிரில் பெட்டரியின் வலு குறையும். எஞ்சின் அணைந்திருக்கும்போது நிறைந்த பெட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதி தீர்ந்துவிட்டது. எஞ்சின் ஓடினால் பெரும்பாலும் 13.8 முதல் 14.4 வரை நிற்கும். புதிய செட்டுகள் பலவற்றில் மென்பொருள் இரண்டு பிரதியாக இருக்கும், பாவனையில் இல்லாத பிரதியில் எழுதிவிட்டு மாறிக்கொள்ளும், இடையில் நின்றாலும் பழையதில் எழும்பும். பழைய செட்டுகளில் ஒரே பிரதி, அதை அழித்துவிட்டுத்தான் எழுதும், அந்த நேரத்தில் கரண்ட் போனால் மீள்வது கடினம். அதோடு, பல டொயோட்டா ஸ்மார்ட் கீ வண்டிகள் ஏசிசி என்ற அந்த முதல் கட்டத்தில் சும்மா இருந்தால் 20 நிமிடத்தில் தாமாகவே அணையும், சில ஒரு மணி நேரத்தில். அப்டேட் நடப்பதை அவை பார்ப்பதில்லை.

ஆகவே எஞ்சினைப் போட்டுச் செய்யுங்கள், ஹைபிரிட் என்றால் ரெடி என்ற விளக்கு வரும் வரை ஸ்டார்ட் பண்ணுங்கள். வண்டி நிற்கும்போது எஞ்சினைத் தானாக நிறுத்தும் ஐடில் ஸ்டாப்பை அணையுங்கள். ஏசி, ஹெட்லைட் வேண்டாம். ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்குப் பின்னால் கல் வையுங்கள், நம் பக்கம் முற்றத்தில்கூடச் சரிவு இருக்கும். வண்டி வெளியே நிற்க வேண்டும். மழை, குளிர் என்று கதவு மூடிய கராஜுக்குள் ஒரு மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டால் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, ஆளைக் கொன்றுவிடும். ஹைபிரிட் சத்தமே இல்லாமல் நிற்கும், பிறகு தானாக எஞ்சின் எழும்பும், அதனால் அதில் ஏமாந்துபோவது இன்னும் சுலபம். நடுவில் திரை சில நிமிடம் கறுக்கலாம், செட் இரண்டு மூன்று தடவை அணைந்து எழும்பலாம், அது வழமை. நாலைந்து நிமிடம் கறுத்திருக்கிறது என்று பட்டனை அழுத்துவதுதான் பலர் செய்யும் பிழை. முடிந்ததும் வண்டியை அசைக்க முன், பிரேக்கில் கால் வைத்து ரிவர்ஸ் போட்டு, கேமரா வருகிறதா, படம் இடவலம் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடையில் மாட்டிய ஆண்ட்ராய்ட் பிளேயர்தான் இருப்பதிலேயே சிக்கலானது. வெளியே ஒரே முகம், உள்ளே வெவ்வேறு சர்க்கிட் போர்ட். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு பிளேயருக்குக்கூட ஃபைல் வேறாக இருக்கலாம். அதில் எழுதுவது இரண்டு இடம்: ஒன்று ஆண்ட்ராய்ட், மற்றது எம்சியூ என்ற சின்ன மூளை. டச், ஸ்டேரிங் பட்டன், கேமரா, வண்டியோடு பேசுவது எல்லாம் இரண்டாவதை நம்பித்தான். பொருந்தாத எம்சியூ ஃபைல் போனால் திரை ஒளிரும், ஆனால் தொட்டால் வேலை செய்யாது. மாட்டியவரிடம் கேட்டு, அமைப்பில் காட்டும் எம்சியூ எண் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் மட்டும் தொடுங்கள், அதற்கு முன் ஒவ்வொரு அமைப்புப் பக்கத்தையும் படம் எடுத்துவிடுங்கள். திரையில் ஆண்ட்ராய்ட் 13 என்று எழுதியிருந்தாலும் உள்ளே 10 ஓடும் பிளேயர்கள் நிறைய வருகின்றன. அதற்கு 14 தருகிறேன் என்று விற்கப்படும் ஃபைல்கள் சிலவற்றில் மாறுவது அந்த எழுத்து மட்டும்தான்.

உங்கள் மச்சான் நல்ல மனதோடுதான் அனுப்பியிருப்பார். ஆனால் வளைகுடாவில் அவர் பார்க்கும் டொயோட்டாவின் செட்டும் ஜப்பான் அக்வாவின் செட்டும் வேறு வேறு, அந்த ஃபைலைப் போட வேண்டாம். கண்டிக் கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த மொடல் செட்டுக்கான ஃபைல், இப்போதுள்ள பதிப்பு எது, எழுதிய பிறகு வரும் பதிப்பு எது. பதில் இல்லையென்றால் 25,000 ரூபாவைக் கொடுக்காதீர்கள், எக்ஸ்பாண்டர் வாங்கி மாட்ட அதில் ஒரு சின்னப் பங்கு போதும். ஆங்கிலத் திரையும் நம் நாட்டு வரைபடமும் கட்டாயம் வேண்டும் என்றால் செட்டையே மாற்றுவதுதான் வழி. அப்போது பழைய செட்டை எஸ்டி கார்டோடு பத்திரமாக வாங்கி வையுங்கள், விற்கும்போது கேட்பார்கள். இன்றிரவு புளூடூத் பட்டியலை அழித்துப் பாருங்கள். சரிவராவிட்டால் செட் எழும்பும்போது வரும் முதல் திரையையும், செட்டில் ஒட்டியிருக்கும் லேபலின் மொடல் எண்ணையும் படம் எடுத்து இங்கே போடுங்கள். அந்த எண் தெரிந்தால் அடுத்த பதிலை ஊகமில்லாமல் எழுதுகிறேன்.